எதிரே நின்று பேசாதவர்

நாட்டு மக்கள் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இயன்றால் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது. பஸ் நிலையத்துச் சலூன்காரர் வருகிற வியாழக்கிழமை பிற்பகல் பேசப் போகிறார். ஐந்து நிமிடம். தன்னைப் பற்றி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவரிடம் முடி வெட்டிக்கொண்டவர்கள் கேட்பார்கள். தலையைக் கொடுத்தவர்களுக்கு அவர் ஊமை இல்லை என்பது நன்றாகவே தெரியும். கத்தரிக்கோல் ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். சில நாள் வாய்தான் முன்னால் போகும். மழை ஏன் தள்ளிப் போகிறது, டிரைவர்களுக்கு ஏன் வலது தோள் மட்டும் இறங்கியிருக்கிறது, எந்த ராசா எந்தப் போரில் ஏன் தோற்றான், எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து உண்டு. ஆனால் அத்தனையும் கண்ணாடியைப் பார்த்து. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் தெரியும் முகத்தோடுதான் பேசுவார். அந்த முகத்தோடு சண்டை போடுவார், ஆறுதல் சொல்வார், சம்பளத்தைக் குடித்துவிட்டு வீட்டில் போய்ச் சத்தம் போடுகிறவனைக் கண்டிப்பார். வேலை முடிந்து, துணியை உதறி, ஆள் எழுந்து திரும்பி அவர் எதிரே வந்து நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. வாக்கியம் பாதியில் நிற்கும். பார்வை அந்த ஆளின் செருப்புக்குப் போய்விடும்.

பதினேழு வயதில் கத்தரி பிடித்தவர், ஐம்பதைத் தாண்டிவிட்டார். இத்தனை வருஷமும் உலகத்தை முதுகுப் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவருக்கு முன்பக்கம் என்பது அந்நிய தேசம்.

இதனால் நஷ்டம் இல்லாமல் இல்லை. பழைய பஸ் நிலையத்தில் கடைகளைப் பிரித்துக் கொடுத்த அன்று எல்லோரும் முட்டி மோதி, எனக்கு அது, எனக்கு இது என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இவர் பின்வரிசையில் நின்று முன்னால் இருந்தவர்களின் பிடரி முடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கடைசியில் மிஞ்சியது கழிப்பறையை ஒட்டிய கடை. அதுதான் அவருக்கு விழுந்தது. அங்கே வந்து உட்காருகிற ஒவ்வொருவரும், "அண்ணே, சீக்கிரம் முடிங்க" என்றுதான் ஆரம்பிப்பார். முகச்சவரம் செய்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களை வேறு எந்த ஊர்ச் சலூனிலும் பார்க்க முடியாது.

இப்போது பழைய நிலையத்தை இடிக்கப் போகிறார்கள். எதிரே மூன்று மாடிக்குப் புதிய நிலையம் எழும்பி நிற்கிறது. அதில் கடைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு புதிய நிர்வாகியின் தலையில் விழுந்தது.

இந்த நிர்வாகி பிறவியிலேயே இப்படி இல்லை. போன வருஷம் அவரை ஆளுமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் கை குலுக்கினால் எதிராளியின் தோள் மூட்டு கழன்றது. குட் மார்னிங் சொன்னால் ஜன்னல் அதிர்ந்தது. அறைக்குள் வருகிற கடைநிலை ஊழியரிடம், "அடுத்த அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்கறீங்க?" என்று கேட்டார். அவர், "இங்கதான் சார், இதே கதவுகிட்ட" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். அப்பேர்ப்பட்ட நிர்வாகி கடை ஒதுக்கீட்டுக்கு ஒரு விதி வகுத்தார். விண்ணப்பித்த ஒவ்வொருவரும் நேரில் வந்து ஐந்து நிமிடம் தன்னைப் பற்றித் தன்னம்பிக்கையோடு பேச வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். பேசாதவருக்குக் கடை இல்லை.

செய்தி வீட்டுக்கு வந்த அன்று சலூன்காரர் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் பேக்கரியில் வேலை பார்ப்பவள். விடிவதற்கு முன் போய் மதியம் திரும்புவாள். அடி கருகிய ரொட்டிகளை விற்க முடியாது என்பதால் அவை வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் கருகாத ரொட்டியைச் சாப்பிட்டு வெகுநாளாகிறது. மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிக்கும் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நிற்பதால் அவள் கோபமும் கொஞ்சம் ஆவி பறக்கத்தான் வரும்.

"சூப்பு ஆறுது. என்னத்த அப்படி உத்துப் பாக்கறீங்க?"

"நான் போகலை."

"எங்க?"

"வியாழக்கிழமை. அங்க."

"போகலைன்னா கடை?"

"மரத்தடியில ஒரு நாற்காலி போட்டுக்கறேன். காத்தோட்டமா இருக்கும்."

"மழை வந்தா?"

"மழையில யாரு முடி வெட்டிக்க வருவா?"

"அப்ப வெயிலு காலத்துல மட்டும் சாப்பிடலாம்" என்று மனைவி ரொட்டியின் கருகிய அடியைக் கத்தியால் சுரண்டினாள். அந்தச் சத்தம் அவருக்குப் பிடரியில் ஏறியது.

மகள் வாயில் ரொட்டியோடு, "அப்பா, நீங்க கடையில பேசற பேச்சுல பாதி பேசினாப் போதும். அஞ்சு நிமிஷம் உங்களுக்குக் காதோரம் கிருதா ஒதுக்கற நேரம்" என்றாள்.

"கடை வேற, இது வேற. அங்க ஆளு எதிர்ல இருப்பாங்க."

"எதிர்ல இல்லாம உத்தரத்துலயா இருப்பாங்க?" என்றாள் மனைவி. "இருங்க, என் தம்பிய வரச் சொல்றேன். அவன் சொல்லிக் கொடுப்பான்."

சலூன்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மைத்துனர் வந்து சொல்லிக் கொடுப்பதைவிட மரத்தடி எவ்வளவோ மேல் என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

மைத்துனர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். டை கட்டுவார். தூங்கும்போதும் கட்டிக்கொண்டிருப்பதாக அக்காவுக்கே சந்தேகம் உண்டு. ஊரில் அவரைத் தூரத்தில் கண்டதும் மக்கள் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். அதைத் தன் மீதுள்ள மரியாதை என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தன்னம்பிக்கை உள்ளவர். மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். வந்ததும் முன்னறையை மேடையாக்கினார். அக்காவையும் அவள் மகளையும் கட்டிலில் உட்கார வைத்தார். பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அத்தானின் பார்வை அதன் பக்கமே போவதைக் கவனித்து, அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டார்.

"அத்தான், வாங்க. நடுவுல நில்லுங்க. மூச்சை உள்ள இழுங்க."

இழுத்தார்.

"நெஞ்சு நிமிரணும். உங்களுக்கு வயிறுதான் நிமிருது. சரி விடுங்க. இப்ப என் கண்ணைப் பாருங்க. நான்தான் நிர்வாகி. சொல்லுங்க, நீங்க யாரு?"

சலூன்காரர் அவர் கண்ணைப் பார்த்தார். பார்வை தானாகவே நழுவி டையில் இறங்கி, பெல்ட்டில் தங்கி, பூட்ஸில் போய் நின்றது.

"மேல, மேல. கண்ணு இங்க இருக்கு. கண்ணைப் பாக்கக் கூச்சமா இருந்தா மூக்கைப் பாருங்க. பாக்கறவங்களுக்குக் கண்ணைப் பாக்கற மாதிரியே இருக்கும். எங்க கம்பெனியிலயே சொல்லிக் கொடுத்தது."

சலூன்காரர் மூக்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வாய் திறந்தது. மைத்துனர் வெற்றிப் புன்னகையோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளை, மூக்குல முடி ரெண்டு வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. இரு, சின்னக் கத்தரிய எடுத்துட்டு வர்றேன்."

மகள் கட்டிலில் சாய்ந்து தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மைத்துனர் ஒரு விரலால் மூக்கை மறைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். கையை எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டினார். கைகள் கத்தரி இல்லாமல் அந்தரத்தில் ஆடின. விரல் தானாக வெறுங்காற்றை நறுக்கியது. புன்னகை செய்யச் சொன்னார். செய்தார். பல்வலி வந்தவர் போல இருந்தது என்று மகள் சொன்னாள். கடைசியில் மைத்துனர் டையைத் தளர்த்தினார். அவரை அறிந்தவர்களுக்கு அது சரணாகதி என்று தெரியும்.

"அக்கா, நான் கல்லுக்குக் கூட பாலிசி எடுத்துக் கொடுத்துடுவேன். இது என்னால ஆகாது."

"உன்னால ஆகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பொழுது போகட்டும்னுதான் கூப்பிட்டேன்" என்று அவள் எழுந்துபோய் பீரோவில் தொங்கிய போர்வையை இழுத்துக் கீழே போட்டாள். கண்ணாடிக்குள் கணவரின் முகம் தெரிந்தது. அவர் நிம்மதியாக அதைப் பார்த்தார், அதற்குள் அவளையும்.

"இந்தாங்க, ஒண்ணு கேக்கறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டீங்களே, எப்படிக் கேட்டீங்க?"

"அது எதுக்கு இப்ப?" என்றார் கண்ணாடியிடம்.

"மகளுக்குத் தெரியட்டும். சொல்லுங்க."

"நீயே சொல்லு."

அவளே சொன்னாள். அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன புதுசு. கைபிடித்துச் சலூனுக்குக் கூட்டிப் போவது அவள் வேலை. அப்பா நாற்காலியில், முகம் பூரா நுரையோடு அண்ணாந்து படுத்திருக்க, இவள் பின்னால் பெஞ்சில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பாள். வாராவாரம் இவர் கண்ணாடிக்குள் அவளைப் பார்த்து வானிலை சொல்வார். ஒரு நாள் கத்தியை அப்பாவின் தொண்டையில் வைத்து, மெல்ல மேல் நோக்கி இழுத்துக்கொண்டே, கண்ணாடிக்குள் அவளைப் பார்த்து, "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வீட்டுல கேக்கலாமா?" என்றார். பிறகு அதே மூச்சில், கத்தியை எடுக்காமலே, "ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"தாத்தா என்ன சொன்னாரு?" என்றாள் மகள்.

"கழுத்துல கத்தி இருக்கறப்ப எந்த அப்பா முடியாதும்பாரு? 'ம்'முன்னாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

மைத்துனருக்கு இது புதுச் செய்தி. "எங்கப்பா வீட்டுக்கு வந்து, பையன் ரொம்ப உறுதியான பையன்னு சொன்னாரே" என்றார்.

"உறுதிதான். கை கொஞ்சம் கூட நடுங்கலையாம்" என்றாள் அக்கா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் இல்லை, அவர் பக்கமே. "உங்களுக்குக் கேக்கத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நான் இங்க நிக்கறதே நீங்க கேட்டதாலதான். எப்படியோ கேளுங்க. கண்ணைப் பாத்துக் கேளுங்க, கூரையைப் பாத்துக் கேளுங்க, எனக்குக் கவலை இல்ல. என்ன வேணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டு வாங்க. சொல்லியும் கொடுக்கலைன்னா மரத்தடிக்குப் போலாம், நானே வந்து நாற்காலி தூக்கறேன். சொல்லாம வந்தீங்க, இனிமே அந்தக் கழிப்பறைக் கதைய எங்கிட்ட சொல்லக் கூடாது. ஒரு தடவை கூட."

இந்த வீட்டில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அந்தக் கதையைத்தான் அவர் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். மனைவி ஆஸ்பத்திரி இஸ்திரிப் பெட்டியிலேயே தேய்த்துக் கொண்டுவந்த சட்டை, பலகை போல விறைத்து நின்றது. அதற்குள் அவரும் விறைத்து நின்றார். புதிய நிலையத்தின் மேல்மாடி நடைபாதையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. விண்ணப்பித்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். பேரன்களின் பரீட்சையைத் தாத்தாக்கள் எழுத வந்தது போல இருந்தது.

பழக்கடைக்காரி உள்ளே போய் வெகுசீக்கிரம் திரும்பினாள். "என்னக்கா கேட்டாங்க?" என்று டீக்கடைக்காரர் பதறினார்.

"நீ யாருன்னான். எங்கிட்டயே நீ யாருன்னு கேக்கறியா, உங்க வீட்டுக்கு வாராவாரம் ஆரஞ்சு யாரு அனுப்பறதுன்னு கேட்டேன். ரொம்ப நல்ல தன்னம்பிக்கைன்னு சொல்லிட்டான். கடை கொடுத்துட்டான்."

துணைக்கு வந்திருந்த மைத்துனர் அத்தானின் காதில், "பாத்தீங்களா, அட்டாக். எடுத்ததும் அட்டாக்" என்றார். அப்போது கதவு திறந்து சலூன்காரரை அழைத்தார்கள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஓரமாக, கணக்குப் பிரிவின் அம்மாள்; கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தார். நடுவில், அகன்ற மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் நிர்வாகி. அவருக்கு எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கீழே பஸ்கள் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஆளலாம் என்று அப்படி அமைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

"வாங்க. உட்காரச் சொல்ல மாட்டேன். நிக்கறவன்தான் ஜெயிக்கிறான்" என்றார் உட்கார்ந்திருந்த நிர்வாகி. "நேரம் ஓடுது. சொல்லுங்க, நீங்க யாரு?"

"சலூனு."

"அது தொழில். நான் கேக்கறது, நீங்க யாரு?"

எத்தனையோ ஞானிகள் காட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தும் பதில் கிடைக்காத கேள்வி. இவரிடம் ஐந்து நிமிடத்தில் கேட்டார்கள், அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு. சலூன்காரர் மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணைப் பார்த்தார், வழுக்கியது. மூக்கைப் பார்த்தார், இந்த மூக்கில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பார்வை அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. நிர்வாகியின் வலது கிருதா இடது கிருதாவைவிட ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"கமான். பயப்படாதீங்க. எனர்ஜி. எனர்ஜி வேணும்."

கணக்கம்மாள் தலை தூக்கினார். "பரவாயில்லைங்க. மெதுவா சொல்லுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொன்ன பிறகும் நேரம் ஓடத்தான் செய்தது. வெளியே புழுக்கம் முற்றி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அறை இருண்டது. கணக்கம்மாள் எழுந்து விளக்கைப் போட்டார். அதே நேரம் இடி ஒன்று விழ, சலூன்காரர் திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே நின்றார். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். சுவர் முழுக்க இருந்த ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியிருந்தது. அவருடைய கடைக் கண்ணாடியைப் போலப் பத்து மடங்கு. ரசம் உதிராத, தண்ணீர்க் கறை இல்லாத, ஒன்றாந்தரமான கண்ணாடி. அதற்குள் மேசை, மேசைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலியில் ஒரு தலை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஓர் ஆளைத் தவிர. நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை.

"மிஸ்டர், முதுகைக் காட்டி நிக்கறது ஆளுமையில..." என்று நிர்வாகி ஆரம்பித்தார்.

சலூன்காரர் காத்திருக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு நேராக நடந்தார். அந்த நடையில் அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை; காலையில் கடை திறக்கப் போகிறவரின் நடை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பட்டென்று உதறினார். அந்தச் சத்தம் கேட்டதும் நிர்வாகி தன்னையறியாமல் முகவாயைத் தூக்கினார். கைக்குட்டை காலருக்குள் செருகப்பட்டது. உயரம் சரியாக இல்லை. சலூன்காரரின் முழங்கால் பழக்கதோஷத்தில் ஏதோ ஒரு பிடியைத் தேடி இடித்தது. புஸ் என்றொரு சத்தத்தோடு நிர்வாகி ஒரு சாண் கீழே இறங்கினார். இப்போது சரியாக இருந்தது.

ஏன் எழுந்து கத்தவில்லை என்று பின்னால் பலர் நிர்வாகியைக் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் சிறுவயதில் முடி வெட்டிக்கொண்டதில்லை போலிருக்கிறது. உச்சந்தலையில் இரண்டு விரலும் பிடரியில் ஒரு கட்டைவிரலும் பட்டுவிட்டால் மனிதன் அசைய மாட்டான். அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. மந்திரியானாலும் மல்யுத்தக்காரனானாலும் அந்த நிமிஷம் பலகை மேல் உட்கார வைத்த பிள்ளைதான்.

"கடைசியா யாரு சார் வெட்டினது?" என்றார் சலூன்காரர், ஜன்னலுக்குள் தெரிந்த முகத்திடம். குரல் மாறியிருந்தது. கணக்கம்மாள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது... எங்க வீட்டுப் பக்கத்துல..."

"அவசரத்துல வெட்டியிருக்கான். வலது கிருதா இறங்கிடுச்சு. தலைய லேசா குனிங்க."

குனிந்தார். சட்டைப் பையிலிருந்த சீப்பும் சின்னக் கத்தரியும் வெளியே வந்தன.

"நீங்க யாருன்னு கேட்டீங்க. நான் இந்த பஸ் ஸ்டாண்டுல தலை பாக்கறவன். சார், பஸ்ஸை விட்டு இறங்கற ஒருத்தரும் நல்ல தலையோட இறங்கறதில்ல. ஜன்னல் சீட்டு கேட்டுச் சண்டை போட்டு உக்காருவாங்க, இறங்கறப்ப பாத்தா காக்கா கலைச்ச கூடு மாதிரி இருக்கும். ஆனா எதுக்கு வர்றாங்க? வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு வர்றான். கோர்ட்டுக்கு வர்றான். அஞ்சு வருஷம் பேசாத அண்ணனைப் பாக்க வர்றான். பொண்ணு வீட்டுல பேச வர்றான். எல்லாம் போய் இன்னொருத்தர் எதிர்ல நிக்க வேண்டியவங்க. எதிர்ல நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும் சார், என்னைவிட யாருக்குத் தெரியும்? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. போதும். வந்து உக்காருவான், கண்ணாடில தன் மூஞ்சியப் பாக்க மாட்டான். கீழ பாப்பான். நான் வெட்ட வெட்ட ஒரு தடவை பாப்பான். அப்புறம் இன்னொரு தடவை. கடைசில துணிய உதறினதும் நல்லா நிமிந்து பாப்பான் பாருங்க. அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போற நடையே வேற. அதுதான் சார் என் வேலை."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி மீது நீர்க்கோடுகள் வழிந்தன. நிர்வாகியின் கண்கள் பாதி மூடியிருந்தன. பயிற்சியில் அவருக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் பிடரியைப் பிடித்துவிடவில்லை.

"அதனால எனக்கு மூலைக் கடை வேணும். பஸ்ஸு உள்ள நுழையுதே, அந்தப் பக்கத்து மூலை. இறங்கினதும் கண்ணுல படணும். கழிப்பறைகிட்ட வேணாம். போன தடவை கேக்காம இருந்து அதை வாங்கிட்டேன். அது என் தப்பு, யாரையும் குத்தம் சொல்லலை. இந்தத் தடவை கேட்டுட்டேன். கழுத்தை இப்படிச் சாய்ங்க."

"ம்" என்றார் நிர்வாகி.

கணக்கம்மாள் விரலால் தன் கிருதா இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டு, "சார், நிஜமாவே ஏறியிறங்கித்தான் இருக்கு. நாங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம், சொல்லத்தான் தைரியமில்ல" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "மூலைக் கடை சலூனுக்குன்னு எழுதிக்கட்டுங்களா?"

"ம்ம்."

எழுதிவிட்டார். அடிக்கோடும் போட்டார்.

கதவின் சிறிய கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனருக்கு உள்ளே பேசியது கேட்கவில்லை. அத்தான் நிர்வாகியின் தலையைப் பிடித்துக் குனிய வைத்தது மட்டும் தெரிந்தது. "போச்சு, அட்டாக்னு சொன்னதை வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாரு" என்று பெஞ்சில் சரிந்தார். டீக்கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நிர்வாகிக்கு விழிப்பு வந்தது கைக்குட்டையை உருவியபோதுதான். தன் முகத்தை ஜன்னலில் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார். கோபப்படுவதற்கான நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. ஆகவே தன் தகுதிக்கு ஏற்றதைச் செய்தார். எழுந்து நின்று, அந்த அறையில் இதுவரை பேசியவர்களில் தன் பயிற்சிமுறையை முழுமையாக உள்வாங்கியவர் இவர்தான் என்று கணக்கம்மாளிடம் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். உரை முடிவதற்குள் சலூன்காரர் செருப்பைப் பார்க்கத் தொடங்கியிருந்தார், நிர்வாகிதான் எழுந்து எதிரே வந்துவிட்டாரே.

வீட்டுக்கு நனைந்துகொண்டே நடந்தார்கள். மைத்துனர் குடையை அத்தானுக்குப் பிடித்தார்; இதுவரை யாருக்கும் பிடித்ததில்லை.

"மூச்சை உள்ள இழுத்தீங்களா அத்தான்?"

"இழுத்தேன் மாப்ளை."

"அதான். அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். அன்று மாலையிலிருந்து ஊரில் அந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் மூச்சிலிருந்துதான் ஆரம்பித்தார்.

மனைவி பீரோவின் முன்னால் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்திலிருந்து அவளும் மழையில்தான் வந்திருந்தாள். அவர் வாசற்படியில் நின்று கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கேட்கவில்லை. துண்டை மட்டும் கீழே இறக்கினாள்.

அவர் உள்ளே வந்து, அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் புகுந்து, எதிரே நின்றார். கண்ணைப் பார்த்தார்.

"மூலைக் கடை. கேட்டேன். கொடுத்துட்டாங்க."

அவ்வளவுதான் தாங்கியது. மீதிக் கதையை, நாற்காலி இறங்கியது, ம் சொன்னது, இடி, கிருதா எல்லாவற்றையும் அவள் பின்னால் போய் நின்று, அவள் தலையைத் தானே துவட்டிக்கொண்டு கண்ணாடியிடம்தான் சொன்னார். நடுநடுவே அவள் சிரித்த சிரிப்பில் தலை ஆடி, "அசையாதே, அசையாதே" என்று இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது. மகள் ரொட்டியோடு வந்தாள். அன்று கருகாத ரொட்டியாக, காசு கொடுத்து வாங்கி வந்திருந்தாள். நால்வரும் சாப்பிட்டார்கள். ஏதோ ஒன்று குறைகிறதே என்று மைத்துனர் சொன்னார். கருகல் என்று கண்டுபிடித்து, மனைவி இரண்டு துண்டுகளை நெருப்பில் வாட்டிக் கொண்டுவந்தாள்.

கடை திறக்கும் நாளை அவர்களே குறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை, விடிந்ததும். மூலைக் கடை மூன்று பக்கமும் வெளிச்சமாக, பஸ் நுழையும் வளைவுக்கு நேராக இருந்தது. புதுக் கண்ணாடி, புது நாற்காலி, ஆஸ்பத்திரி வெண்மையில் பன்னிரண்டு துண்டுகள். மனைவி விடுப்புப் போட்டிருந்தாள். மகள் பேக்கரியில் பாதி வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு, கூடை நிறைய இனிப்பு பன்னோடு வந்தாள், முதல் வாடிக்கையாளர்களுக்கு. மைத்துனர் புது டையில், வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க மூச்சை உள்ளே இழுத்துத் தயாராக இருந்தார். சலூன்காரர் சுடுநீரை வைத்தார், கத்தியைத் தீட்டினார், துணியைப் பட்டென்று உதறி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணாடிக்குள், தன் தோளுக்குப் பின்னால், பஸ் வருகிற வளைவு முழுவதும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே கேட்டு வாங்கிய இடத்தில் நிமிர்ந்து நின்று, இறங்கப் போகிற முதல் தலைக்காகக் காத்திருந்தார்.

அன்று பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம்.